2 சின்னப் பிள்ளைங்களோட க்ரூஸ், பால்கனி கேபின் எடுக்கலாமா?

குட்டீஸ்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். முதல் தடவையா க்ரூஸ், அதாவது சொகுசுக் கப்பல்ல போறோம், 7 ராத்திரி. பெரியவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு 20 மாசம். பால்கனி கேபின்தான் வேணும்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறார், பிள்ளைங்க தூங்குன பிறகு நாம உக்கார ஒரு இடம் வேணும்ல, இருட்டு ரூம்ல எவ்ளோ நேரம்தான் கம்முன்னு படுத்துருக்கறதுங்கிறார். அவர் சொல்றதும் சரிதான், ஆனா எனக்கு அந்த பால்கனி போட்டோவ பாத்தாலே வயித்த கலக்குது. பெரியவன் சோஃபா முதுகு மேல ஏறி ஜன்னல் கம்பிய பிடிச்சி நிக்கிற ஆளு, சின்னவ இப்பதான் ஸ்டூல இழுத்துட்டு போய் சுவிட்ச் போட கத்துக்கிட்டா. கம்பி எவ்ளோ உயரம் இருக்கும், இடைவெளில சின்னவ புகுந்துருவாளா, எல்லாத்துக்கும் மேல ராத்திரி நாங்க தூங்கும்போது கதவ திறந்துட்டா என்ன பண்றது? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. இவ்ளோ பயம்னா எதுக்கு போறீங்கன்னு மட்டும் கேக்காதீங்க ப்ளீஸ், அத ஏற்கெனவே வீட்டுல கேட்டாச்சு.

உப்புக்காத்து:
உங்க பயம் நியாயமான பயம்மா, யார் என்ன சொன்னாலும் அத விட்றாதீங்க. நான் 2 தடவ போயிருக்கேன், ரெண்டு தடவயும் பால்கனிதான், மொத தடவ என் பொண்ணுக்கு 3 வயசு. எல்லாரும் கம்பியத்தான் பாக்குறாங்க, நான் பாக்கச் சொல்றது கதவ. கம்பி கிட்ட பிள்ள தனியா போச்சுன்னாலே நாம ஏற்கெனவே தோத்துட்டோம்னு அர்த்தம். ஏறுனதும் பெட்டிய பிரிக்கிறதுக்கு முன்னாடி அந்த கதவுகிட்ட போய் நில்லுங்க. சிலதுல கனமான ஹேண்டில், பெரியவங்களே தம் கட்டித்தான் திருப்பணும், சிலதுல சறுக்கிட்டு போற கதவு, அது லேசா நகரும். மேல உயரத்துல இன்னொரு லாட்ச் இருக்கான்னு பாருங்க, குடும்பங்க நிறைய வர்ற கப்பல்கள்ல இருக்கும், எல்லாத்துலயும் இருக்காது. பெரியவன கூப்பிட்டு, நீ திறந்து காட்டுடா பாப்போம்னு மட்டும் செஞ்சிடாதீங்க, திறக்கற வித்தைய நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். உங்க கைல திறந்து பாத்து எவ்ளோ பலம் வேணும்னு கணக்கு போட்டுக்கோங்க.

அப்புறம் ராத்திரிக்கு, காந்தம் வெச்ச சின்ன கதவு அலாரம் விக்கிது, பேட்டரில ஓடும், கதவு ஒரு விரல் நகந்தாலே கத்தும். அது மட்டும் இருந்ததாலதான் எனக்கு தூக்கம் வந்துச்சு. சுவத்துல தடம் விழாத டேப் போட்டு ஒட்டுங்க. கொண்டு வரக்கூடாத பொருள் லிஸ்ட்ல இருக்கான்னு முன்னாடியே ஒரு தடவ பாத்துருங்க.

டெக்ஏழு:
நான் 9 வருஷம் கப்பல்ல வேலை பாத்தவன், அதனால கம்பி பத்தி நான் சொல்றேன் சகோதரி. 1966 லோட் லைன் ஒப்பந்தம்னு கப்பலுக்கான சர்வதேச விதி இருக்கு, அதுல திறந்த டெக் (கப்பல் தளம்) கம்பி குறைஞ்சது 1 மீட்டர் உயரம், கடைசி கம்பிக்கு கீழ 230 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி கூடாது, மத்த கம்பிகளுக்கு நடுவுல 380 வரைக்கும் இருக்கலாம். அமெரிக்கா 2010ல போட்ட பயணக் கப்பல் பாதுகாப்பு சட்டத்துல 42 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 107 சென்டிமீட்டர். கேபின் பால்கனில பெரும்பாலும் கம்பிக்கு பதிலா முழுக் கண்ணாடியோ இரும்புத் தகடோதான் இருக்கும், அதனால சின்னவ இடைவெளில புகுந்துருவாளோன்னு பால்கனில ரொம்ப கவலப்பட வேணாம். ஆனா நடக்கிற டெக்குல குறுக்குக் கம்பி இருந்தா அது குழந்தைக்கு ஏணி மாதிரி, அங்க பிள்ளைங்க கைய விட்றாதீங்க.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. 4 வயசுப் பையன் சராசரியா 103 சென்டிமீட்டர் இருப்பான். தரையில நின்னா கம்பி அவன் தலைக்கு மேல, ஒண்ணும் ஆகாது. அதே பையன் 45 சென்டிமீட்டர் உயர நாற்காலில ஏறி நின்னா கம்பிக்கு மிச்சம் 62தான், அவன் இடுப்புக்கு கொஞ்சம் மேல. சின்னப் பிள்ளைங்களுக்கு தலை கனம் வேற, எட்டிப் பாத்தா உடம்பு பாரம் மொத்தமா வெளிப்பக்கம் சாஞ்சிரும். நாற்காலி, டீப்பாய், கால் வெக்கிற ஸ்டூல் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லி மொத நாளே கேபின் ஸ்டூவர்ட்கிட்ட (ரூம சுத்தம் பண்ற ஆள்) கேளுங்க. இது தினமும் கேக்குற விஷயம், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. மொத்தமா எடுக்க முடியலன்னா மட்டும், நீங்க வெளிய உக்காந்துட்டு உள்ள வரும்போது நாற்காலியையும் கூடவே உள்ள இழுத்துருங்க. பக்கத்து கேபின் பால்கனிக்கு நடுவுல இருக்கிற தடுப்பு சரியா பூட்டியிருக்கான்னும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, அந்தப் பக்கம் நாற்காலி கிடக்கும்.

இன்னொண்ணு, பிள்ளைய தூக்கி கம்பி மேல உக்கார வெச்சு போட்டோ எடுக்கிறத என் கண்ணால எத்தனையோ தடவ பாத்துருக்கேன். நான் கெட்டியா பிடிச்சிருக்கேன்னு சொல்வாங்க. கைல பிடிச்சிருக்கேன்னு சொல்றது கப்பல் அசையாத வரைக்கும்தான். பிள்ள கை நழுவி விழுந்துட்டா அவ்ளோ பெரிய கப்பல் பிரேக் போட்டு நிக்காது, நிக்கவே ஒரு கிலோமீட்டருக்கு மேல ஓடிரும். தயவு செஞ்சு வேணாம்.

ரெண்டுபொண்ணுஅப்பா:
ஒருத்தரும் சொல்லாத ஒண்ணு. போன வருஷம் நானும் மனைவியும் பால்கனில உக்காந்துருந்தோம், உள்ள தூங்கிட்டிருந்த 3 வயசு பொண்ணு எந்திரிச்சு வந்து கதவு ஹேண்டில உள்ள இருந்து திருப்பிட்டா, லாக் விழுந்துருச்சு. நாங்க ரெண்டு பேரும் வெளிய, பிள்ள உள்ள தனியா அழுவுது, போன் கட்டில் மேல. கண்ணாடி வழியா கைய காட்டி காட்டி திருப்பும்மா திருப்பும்மான்னு சொல்லி, அவளுக்கு புரியல, கடைசில பக்கத்து பால்கனில இருந்தவங்கள கூப்பிட்டு அவங்க உள்ள போய் போன் போட்டு ஆள் வந்து திறந்தாங்க. கால் மணி நேரம் இருக்கும், எனக்கு கால் மணி நேரமா தெரியல. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து வெளிய உக்காரவே இல்ல, ஒருத்தர் எப்பவும் உள்ள. உங்க வீட்டுக்காரர் ஆசப்படுற மாதிரி சேந்துதான் உக்காரணும்னா போன கைல வெச்சுக்கோங்க, கதவு லாக் எப்படி விழுதுன்னு முன்னாடியே பாத்துருங்க.

விரலும் ஜாக்கிரத. ரூம் வாசக் கதவும் பால்கனி கதவும் ஒரே நேரத்துல திறந்தா காத்து இழுக்கிற இழுப்புல கனமான கதவு படார்னு அடிக்கும், பெரியவங்க விரலே நசுங்கும். ஒண்ண மூடிட்டுத்தான் இன்னொண்ணு.

ஜன்னலோரம்:
எல்லாரும் பால்கனிய எப்படி சமாளிக்கிறதுன்னே பேசுறீங்க, நான் வேற மாதிரி சொல்றேன். 20 மாசக் குழந்தையோட போகும்போது ஜன்னல் கேபின் எடுத்தேன், பெரிய கண்ணாடி, திறக்கவே திறக்காது, கடல் நல்லா தெரியும், என் பையன் அந்த ஜன்னல் திண்டுல உக்காந்து மணிக்கணக்கா அலைய பாத்தான். 7 நாளும் நான் நிம்மதியா தூங்கினேன். பால்கனி எடுத்து 7 நாளும் ஒரு கண்ண கதவு மேலயே வெச்சிருந்தா அது உங்களுக்கு லீவே இல்ல. பிள்ளைங்க 8, 9 வயசானதும் எடுத்துக்கலாமே, கடல் எங்கயும் போயிராது. புதுசா வர்ற சில கப்பல்ல வெளிய நீட்டிட்டு இருக்கிற பால்கனிக்கு பதிலா ரூம் கடைசியிலயே பெரிய கண்ணாடி, பட்டன அமுக்குனா மேல்பாதி இறங்கும், புக் பண்ணும்போது பால்கனின்னுதான் போட்டிருப்பாங்க, அது கிடைச்சா அந்த பட்டன் எந்த உயரத்துல இருக்குன்னு மறக்காம பாருங்க.

உப்புக்காத்து:
ஜன்னலோரம் சொல்றதும் சரிதான், நான் மறுக்கல. பயத்துல தூக்கமே வராத ஆளுன்னா ஜன்னல்தான். எனக்கு பால்கனி ஏன் தேவப்பட்டுச்சுன்னா பகல்ல பொண்ணு 2 மணி நேரம் தூங்குவா, அந்த நேரம் ரூம விட்டு நகர முடியாது.

குட்டீஸ்அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இப்படி விவரமா யாரும் சொன்னதில்ல. அந்த 62 சென்டிமீட்டர் கணக்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன், டேப் எடுத்துட்டு வந்து பெரியவன நாற்காலில நிக்க வெச்சு அளந்து பாத்தார், அதுக்கப்புறம் பேச்சே இல்ல. ஜன்னல் கேபினுக்கு மாத்திட்டோம். தூங்குற நேரத்துக்கு ஒருத்தர் ரூம்ல, ஒருத்தர் டெக்குக்கு போய் காத்து வாங்கிட்டு வர்றதுன்னு முறை போட்டுருக்கோம். டெக்ஏழு அண்ணா, இன்னும் ஒரே ஒரு சந்தேகம், சின்னவ சைஸ்ல லைஃப் ஜாக்கெட் இருக்குமா, நாங்களே வாங்கிட்டு வரணுமா?

டெக்ஏழு:
வாங்க வேணாம்மா, கப்பல்லயே இருக்கும். சோலாஸ்ங்கிற சர்வதேச கப்பல் பாதுகாப்பு விதிப்படி பயணிகள் எண்ணிக்கைல குறைஞ்சது 10 சதவீதம் அளவுக்கு சிறுவர் ஜாக்கெட் வெச்சிருக்கணும், 24 மணி நேரத்துக்கு மேல போற கப்பல்ல ஏறுற ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் தனி ஜாக்கெட் இருக்கணும். ஆனா உங்க கேபின் அலமாரில பெரியவங்க சைஸ் மட்டும் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால ஏறுன அன்னிக்கே ரெண்டு பிள்ளைங்களோட எடைய சொல்லி கேட்டு வாங்கி, ரூம்லயே ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க. சின்னவ அழுவா, பரவால்ல, மொத தடவ ரூம்ல அழட்டும்.