புதுப்பிப்பு: 33வது வாரத்தில் தங்கைக்கு வந்த ரத்தப்போக்கு

வலியே இல்லாமல் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் போகிறது, சூட்டு வலிக்கு முந்தைய கசிவா, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஸ்கேனில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியபடி இருப்பது தெரிந்தது. அதுவரை மருத்துவர் உள்பரிசோதனையே செய்யவில்லை. இந்த நிலையில் விரல் பட்டாலே ரத்தம் பெருக்கெடுக்கலாமாம். எனக்கு இது முற்றிலும் புதிய தகவல், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தங்கை ரத்த வகை ஓ நெகட்டிவ் என்பதால் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்த வகைக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பு உருவாகாமல் தடுப்பது), அப்புறம் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி. இப்போது ரத்தம் நின்றுவிட்டது. வலி வரும் வரை காத்திருக்க மாட்டார்கள். கர்ப்பப்பை வாய் திறக்கத் தொடங்கினாலே நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டும். 37வது வாரத்துக்குள் சிசேரியன்.

மாதம் நிறைந்தபின் சளியோடு லேசாக ரத்தம் கலந்து வருவது பிரசவம் நெருங்குவதன் அறிகுறி, அது வேறு. ரத்தமாகவே போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தயவுசெய்து 108-ஐக் கூப்பிடுங்கள்.