ஜியோட்டோ வரைந்த வால் சரியா, தவறா?

கொடிமலைக்காரன்:
நேற்று செந்தூல்வாசி இங்கே இப்படி எழுதியிருந்தார்: "பழைய ஓவியர்கள் யாருக்கும் வால்நட்சத்திரம் வரையத் தெரியாது. முதன்முதலில் சரியாக வரைந்தவர் இத்தாலியின் ஜியோட்டோதான்." அதைப் படித்ததிலிருந்து பசியாறக்கூட மனம் வரவில்லை. முப்பது வருடம் நில அளவைப் படம் வரைந்து கைரேகை தேய்ந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், எது சரி? பதுவா நகரத்துத் தேவாலயச் சுவரில், குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்கும் காட்சியை அவர் 1305 வாக்கில் தீட்டினார். கொட்டகைக்கு மேலே வால்நட்சத்திரம் ராக்கெட் மாதிரி பாய்கிறது, வால் பின்னால் இழுபடுகிறது. அது என்ன ஃபெரிக் கப்பல் புகையா? வால் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் நீளும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னே போகும், தலை பின்னே வரும். ஐரோப்பாவில் இதைப் படம் போட்டுக் காட்டியவர் ஜெர்மானிய வானியலாளர் பீட்டர் ஆப்பியான், 1531-இல் வந்ததைப் பார்த்துவிட்டு. சரியாக வரைந்தவர் அவர்தான்.

செந்தூல்வாசி:
அண்ணே, முதலில் பசியாறுங்கள். நான் உருவத்தைச் சொன்னேன். அதற்கு முன்னால் அந்தக் காட்சியில் கோலம் மாதிரி முனை முனையாக ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 1066-இல் வந்த ஹேலி வால்நட்சத்திரத்தை, இங்கிலாந்தை நார்மானியர் பிடித்த கதையைக் காட்டும் பாயூ சீலையில் நெய்திருக்கிறார்களே, விளக்குமாற்றைத் தூக்கி எறிந்தது போல! ஜியோட்டோ வரைந்தது எரிகிறது, பரவுகிறது, உயிரோடு இருக்கிறது. 1301-இல் வந்த ஹேலியைப் பார்த்துத்தான் அவர் தீட்டியிருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். 1986-இல் ஹேலிக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர் அருகே போன ஐரோப்பிய விண்கலத்துக்கு யார் பெயரை வைத்தார்கள்? ஜியோட்டோ. ஆப்பியான் பெயரை வைக்கவில்லை.

கொடிமலைக்காரன்:
விண்கலத்துக்குப் பெயர் வைத்தால் வால் திரும்பிவிடுமா? வால் பின்னால் இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

பிறை வாத்தியார்:
இத்தாலி, ஜெர்மனி என்று சுற்றுகிறீர்களே, வீட்டுப் பரணைப் பார்த்தீர்களா? "மைம்மீன் புகையினும் தூமம் தோன்றினும்" என்று பாரியின் நாட்டைப் பாடும்போது கபிலர் சொல்லிவிட்டார், புறநானூறு 117. தூமம் என்றால் வால்நட்சத்திரம். சிலம்பில் அதற்குப் புகைக்கொடி என்று பெயர். கொடி! ஒரே சொல்லில் ஓவியம். இதற்கு மேல் சரியாக எவன் வரைவான்?

செந்தூல்வாசி:
ஐயா, இங்கே சுவரில் வரைந்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டர்வொர்த் பையன்:
சார், அதே பாட்டில் அடுத்த வரி "தென்றிசை மருங்கின் வெள்ளி ஓடினும்"தானே? நம் ஊரில் மாதக் கடைசியில் வெள்ளி எந்தத் திசையில் ஓடினாலும் கெட்ட சகுனம்தான்.

பிறை வாத்தியார்:
தம்பி, அது சுக்கிரன். உன் சம்பளம் இல்லை.

ஊசிநூல்:
செந்தூல் தம்பி, பாயூ சீலையை "நெய்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நெய்ததே இல்லை. கிட்டத்தட்ட 70 மீட்டர் லினன் துணியில் கம்பளி நூலால் ஊசி வைத்துப் போட்ட வேலை. லிட்டில் இந்தியாவில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன், தறிக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் வால்நட்சத்திரம் பேச வருகிறார்கள். விளக்குமாறாம்! வளைவை நூலில் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று ஒருநாள் வந்து உட்கார்ந்து பாருங்கள். கீழே நிற்கிறவர்கள் விரல் நீட்டி அண்ணாந்து பார்க்கிறார்களே, அந்தக் கழுத்தைப் பாருங்கள். பயம் தெரிகிறது.

செந்தூல்வாசி:
அக்கா, சரி, தைத்தது. மன்னிக்கவும். ஆனால் தைத்தவர்கள் காலத்தைக் குழப்பிவிட்டார்களே? இங்கிலாந்து மன்னர் ஹெரால்டு முடிசூடியது ஜனவரி, ஹேலி தெரிந்தது ஏப்ரல். சீலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். சகுனம் காட்டுவதற்காக ஒட்டவைத்தது.

ஊசிநூல்:
கதை சொல்கிறவர்கள் நாட்காட்டி பார்த்துச் சொல்வார்களா? உங்கள் ஜியோட்டோ மட்டும் பெத்லகேமில் 1301-ஐக் கொண்டுபோய் வைக்கவில்லையா?

கொடிமலைக்காரன்:
தையலும் நாட்காட்டியும் கிடக்கட்டும். வாலுக்கு வாருங்கள். ஜியோட்டோதான் முதல் என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. 1973-இல் சீனாவின் சாங்ஷா நகரத்தில், மாவாங்துய் என்ற இடத்துக் கல்லறையில் ஒரு பட்டுச்சுருள் கிடைத்தது. கல்லறை மூடப்பட்டது கிமு 168. அதில் 29 வால்நட்சத்திரங்கள், வெவ்வேறு உருவங்கள், பெயர்கள், எது வந்தால் என்ன கேடு என்ற குறிப்பு. ஜியோட்டோவுக்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு வருடம் முந்தியது. இந்தச் செய்தி செந்தூல் வரைக்கும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

செந்தூல்வாசி:
வந்து சேர்ந்தது அண்ணே. அந்த 29-இல் பெரும்பாலும் தலை கீழே, வால் மேலே, சீப்பும் துடைப்பமும் வரிசையாக மாட்டிவைத்த மாதிரி. சூரியனுக்கு எதிர்ப்புறம் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஜியோட்டோவுக்கு ஒரு சட்டம், சீனனுக்கு ஒரு சட்டமா?

கொடிமலைக்காரன்:
நான் அதைத் திசைக்காகச் சொல்லவில்லை. முதல் என்பதற்காகச் சொன்னேன். திசைக்கு ஆப்பியான். எத்தனை தடவை சொல்வது? நானே கண்ணால் பார்த்தவன். 2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் வந்தபோது பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் நான்கு மாலை காத்துக்கிடந்தேன். மூன்று நாள் மேகம். நான்காம் நாள் பத்து நிமிடம் வானம் விட்டது. சூரியன் கடலில் இறங்கிய இடத்துக்கு மேலே வால் நிமிர்ந்து நின்றது. அப்போது அது சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. வால் முன்னே! கப்பல் புகை இல்லை.

செந்தூல்வாசி:
உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. விலகிப் போகும்போதுதான் வால் முன்னே. 1301-இல் ஹேலி சூரியனை நெருங்கியது அக்டோபர் கடைசி வாரம். ஜனங்கள் அதைப் பார்த்தது பெரும்பாலும் அதற்கு முந்திய வாரங்களில், உள்ளே வரும்போது. அப்போது வால் எங்கே இருக்கும்? பின்னால்! அவர் கண்ட மாதிரியே தீட்டியிருக்கிறார். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம்.

கொடிமலைக்காரன்:
அது தற்செயல். அவருக்குத் தெரிந்து செய்யவில்லை. வால் பின்னால் இருப்பதுதான் இயல்பு என்று நினைத்து வரைந்தார். தவறான காரணத்துக்குக் கிடைத்த சரி, சரி ஆகாது. போன தைப்பூசத்தில் தங்கத் தேர், வெள்ளித் தேர் பேச்சு வந்தபோதும் நீங்கள் இப்படித்தான் கடைசியில் ஒரு தேதியைத் தூக்கிப் போட்டு நழுவினீர்கள். நான் மறக்கவில்லை.

செந்தூல்வாசி:
தேரை எதற்கு இழுக்கிறீர்கள்? பினாங்குக்காரர்களுக்கு எதைப் பேசினாலும் கடைசியில் தேர், இல்லை நாசி கண்டார் சோறு.

ஊசிநூல்:
உங்கள் கோலாலம்பூரில் கிடைப்பதற்குப் பெயர் நாசி கண்டார் என்று யார் சொன்னது?

பட்டர்வொர்த் பையன்:
ஒரு சந்தேகம். ஜியோட்டோ படத்தில் அந்த வானத்தில் சூரியனே இல்லையே. அப்புறம் வால் எதற்கு எதிர்ப்புறம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறை வாத்தியார்:
இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வால்நட்சத்திரம் என்று எழுதுவதே பிழை. அது நட்சத்திரம் அன்று. வால்மீன் அல்லது தூமகேது என்று எழுதுங்கள்.

செந்தூல்வாசி:
ஐயா, மீன் என்றாலும் நட்சத்திரம்தானே?

பிறை வாத்தியார்:
எனக்கே பாடம் எடுக்கிறீர்களா?

கொடிமலைக்காரன்:
டொனாட்டி வால்நட்சத்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1858. வளைந்த பெரிய தூசு வால் ஒன்று, பக்கத்தில் நேரான மெல்லிய வால்கள். வானியலாளர்கள் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். ஓவியர் வில்லியம் டைஸ் கடற்கரையில் சிப்பி பொறுக்கும் தன் குடும்பத்தை வரைந்து, மேலே வானத்தில் அதை ஒரு கீற்றாக வைத்தார், தேடினால்தான் தெரியும். அதுதான் கண்ணால் பார்த்தவன் கை. ராக்கெட் இல்லை.

செந்தூல்வாசி:
டொனாட்டிக்கு மூன்று வால், நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

பட்டர்வொர்த் பையன்:
யாரும் பதில் சொல்லவில்லை, பரவாயில்லை. என் தங்கை நாளைக்குப் பள்ளியில் வால்நட்சத்திரப் படம் கொடுக்க வேண்டும். வாலை எந்தப் பக்கம் போடச் சொல்வது?

பிறை வாத்தியார்:
முதலில் தலைப்பில் தூமகேது என்று எழுதச் சொல்.

ஊசிநூல்:
அட்டையில் எதற்கு? துணியில் செய்யச் சொல், ஞெகிழி ஜரிகை நான் தருகிறேன்.

செந்தூல்வாசி:
பின்னால்.

கொடிமலைக்காரன்:
தம்பி, அவசரப்படாதே. வரைந்ததை இங்கே போடு, நான் பார்க்கிறேன். சூரியன் எங்கே இருக்கிறது என்று மூலையில் குறிக்கச் சொல்.

செந்தூல்வாசி:
பார்த்தீர்களா, இப்போது மட்டும் சூரியன் வேண்டுமாம்.