லைக் போட்டதை விட்டுவிட்டு, சும்மா பார்த்ததை வீடியோ ஆப் ஏன் நம்புகிறது?

இரவுப்பறவை:
தூக்கம் வராத ஒரு ராத்திரி, ஒரு வீடியோ ஆப்பில் அழுக்குக் கம்பளம் துவைக்கிற வீடியோவைக் கடைசிவரை பார்த்துத் தொலைத்தேன். லைக் போடவில்லை. மறுநாள் முகப்பு முழுக்கக் கம்பளம்தான். நான் தேடித் தேடி லைக் போட்ட வீணைக் கச்சேரிகள் ஒன்றையும் காணோம். இது என்ன கணக்கு?

பித்தளைப்பூட்டு:
போன வாரம் பார்த்ததில் எத்தனைக்கு லைக் போட்டீர்கள், யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் போடுவதே இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எங்கே பாதியில் விட்டீர்கள் என்பதெல்லாம் கேட்காமலே குவிகிறது. கிளிக்கை மட்டும் எண்ணினால் தம்ப்நெயிலில் ஏமாந்து உள்ளே போய் உடனே வெளியே ஓடி வந்தவரும் ரசிகர் ஆகிவிடுவார், அதனால்தான் யூடியூப் 2012இல் பார்க்கும் நேரத்துக்கு மாறியது. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் 5 நட்சத்திர மதிப்பெண்ணையே எடுத்துவிட்டு, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று மட்டும் சொல்லும் கட்டைவிரலை வைத்தது. ஆவணப்படத்துக்கு 5 கொடுத்துவிட்டு மொக்கை காமெடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஆட்கள்தானே நாம்!

அணில்வால்:
மேலே சொன்னது சரி, ஆனால் பார்த்ததெல்லாம் பிடித்தது என்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. 2008இல் ஹு, கோரன், வோலின்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் இப்படிப் பரிந்துரைப்பது பற்றி எழுதிய கட்டுரையில் இதை இரண்டாகப் பிரித்தார்கள்: பிடித்ததா என்பது ஒரு எண், அதை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னொரு எண். பத்து தடவை பார்த்தால் நம்பிக்கை ஏறும். பார்க்காததை அந்த முறை பிடிக்காதது என்றே வைத்துக்கொள்ளும், ஆனால் நம்பிக்கை அடிமட்டத்தில் இருக்கும், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய தொல்லையாகத் தெரிவது வேறு. ஆப் கம்பளத்தைக் காட்டுகிறது, முன்னால் கிடப்பதால் நீங்கள் இன்னொன்றைத் தட்டுகிறீர்கள், பார் நான் சொன்னது சரி என்று அது இன்னும் பத்து காட்டுகிறது. காட்டாத வீணைக்குக் கிளிக் எங்கிருந்து வரும்? இந்தச் சுழலை உடைக்கத்தான் நடுநடுவே சம்பந்தமில்லாத ஒன்றிரண்டை வேண்டுமென்றே கலந்து வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று பார்ப்பார்கள்.

இரவுப்பறவை:
ஓ, அந்தச் சம்பந்தமில்லாதவை அதற்குத்தானா! சரி, அந்த வீடியோவை ஹிஸ்டரியில் இருந்து நீக்கினால் போதுமா?

பித்தளைப்பூட்டு:
நீக்குங்கள், கம்பளம் வரும்போதெல்லாம் ‘ஆர்வமில்லை’யையும் அழுத்துங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் வீணையை நீங்களே தேடிப் போய் முழுசாகக் கேளுங்கள். பொதுவாக அண்மையில் செய்ததற்குத்தான் எடை அதிகம்.