சந்நியாசிப் பெயரில் வரும் சரஸ்வதி, தீர்த்தர், ஜீயர்: எப்படிப் பிரித்தறிவது?

தென்காசிவாசி:
பெயரின் கடைசிச் சொல்லை வைத்தே ஒரு சந்நியாசி எந்த மரபு என்று சொல்லிவிடலாமா? சிலர் கையில் தண்டம் (துறவிகள் ஏந்தும் கோல்) இருக்கிறது, சிலரிடம் இல்லை. ஏன்?

ஏகாந்தி:
பெயரை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள். சிருங்கேரியில் இருந்த அபிநவ வித்யாதீர்த்தரும் தீர்த்தர், மந்திராலயம் ராகவேந்திரரும் தீர்த்தர். முன்னவர் அத்வைதம், பின்னவர் த்வைதம்.

முதலில் கையைப் பாருங்கள். மூன்று மூங்கில் கோல்களைச் சேர்த்துக் கட்டிய திரிதண்டம், கூடவே சிகையும் பூணூலும் இருந்தால் ஸ்ரீவைஷ்ணவ ஜீயர். ஒற்றைக் கோல் என்றால் ஏகதண்டி. அடுத்து நெற்றியைப் பார்க்க வேண்டும். விபூதி என்றால் அத்வைதி. கோபிசந்தனமும் நடுவில் கரிக்கோடும் என்றால் மாத்வர், அதாவது த்வைத மரபினர்.

கங்கைக்கரை:
தண்டம் விஷயத்துக்கு வருகிறேன். சங்கரர் மரபு அத்வைத சந்நியாசிகளான தசநாமிகள் பத்துப் பிரிவு: தீர்த்த, ஆசிரம, சரஸ்வதி, பாரதி, கிரி, புரி, வன, ஆரண்ய, பர்வத, சாகர. தண்டம் ஏந்துகிறவர்கள் முதல் மூன்று பிரிவினரும் பாரதியில் ஒரு பகுதியினரும்தான். அதுவும் மரபுப்படி பிராமணர்களுக்கே. கிரி, புரி முதலானோருக்குத் தண்டம் இல்லை. கும்பமேளாவில் பார்க்கும் ஜூனா, நிரஞ்சனி அகாடா (சாதுக்களின் அமைப்பு) நாகா சாதுக்கள் இந்த வகை.

இதிலும் ஒரு சிக்கல்: சரஸ்வதி என்ற பட்டம் இருந்தும் தண்டம் ஏற்காதவர்கள் நிறைய. ரிஷிகேசம் சிவானந்த சரஸ்வதியின் சீடர் வரிசை அப்படித்தான். ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோ ராமகிருஷ்ணரின் குரு தோதாபுரி வழியாகப் புரி மரபினர். பெயரில் 'ஆனந்தர்' மட்டும் நிற்கும், புரி வெளியே தெரியாது.

ஏகாந்தி:
நம் ஊர்ச் சைவ ஆதீனங்களை இந்தப் பத்தில் தேடாதீர்கள். திருவாவடுதுறையும் தருமபுரமும் சைவ சித்தாந்த மடங்கள், தசநாமி இல்லை. அங்கே தலைவர் குருமகாசந்நிதானம், மற்றத் துறவிகள் தம்பிரான்கள். காவியைப் பார்த்ததும் சங்கர மடம் என்று முடிவுகட்டுவது தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கிற தப்பு.

தென்காசிவாசி:
நன்றி. தண்டி (தண்டம் ஏந்திய) சந்நியாசியை நமஸ்கரிக்கும்போது அபிவாதனம் (கோத்திரம், பெயர் சொல்லி வணங்கும் 'அபிவாதயே' வாசகம்) சொல்லலாமா?

கங்கைக்கரை:
கூடாது. சந்நியாசிக்கு அபிவாதயே சொல்வதில்லை, நமஸ்காரம் மட்டும்தான். ஸ்மார்த்த (சங்கர மடங்களைச் சார்ந்த பிராமணர்) வழக்கில் நான்கு முறை விழுந்து வணங்குவார்கள். பதிலுக்குச் சந்நியாசி "நாராயண, நாராயண" என்பார். ஆசீர்வாத மந்திரம் எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.