ஏற்காடு டவர் ரூம்: ரௌட்டர் 'ஆன்டெனா ஓபன்' அலாரம் நிற்கவில்லை

சேர்வராயன்_லிங்க்:
ரௌட்டருக்குள்ளேயே ஜிஎன்எஸ்எஸ் ரிசீவர் (ஜிபிஎஸ் மாதிரி சாட்டிலைட்ல இருந்து நேரம் எடுக்கிறது) இருக்கு. மொட்டை மாடி ஆன்டெனாவில் இருந்து 40 மீட்டர் எல்எம்ஆர்-400 கேபிள், கடைசி ஒரு மீட்டர் வைஃபை ஆன்டெனாவுக்கு விக்கிற பிக்டெயில் (மெல்லிய இணைப்புக் கேபிள்). திருகு நல்லா ஏறுது, அலாரம் மட்டும் போகல. பக்கத்துல இருக்கிற 1 பிபிஎஸ், 10 மெகாஹெர்ட்ஸ், டிஓடி (டைம் ஆஃப் டே) போர்ட்லயும் கேபிள் போடணுமா? மின்னலுக்குச் சர்ஜ் அரெஸ்டர் வேணுமா?

அஸ்தம்பட்டி_கோஆக்ஸ்:
தடித்த கேபிளை நேரா மாட்டினா அதன் கனத்துக்கே போர்ட் உடையும், அதனால பிக்டெயில் போட்டது சரிதாங்க. வகைதான் தப்பு. உங்க போர்ட்டுக்கு வேண்டியது சாதா எஸ்எம்ஏ (சின்னத் திருகு கனெக்டர்), வைஃபைக்கு வர்றது ரிவர்ஸ் எஸ்எம்ஏ. மரை ஒண்ணுதான், ஆனா பிளக் நடுவுல ஊசி இருக்காது. ரௌட்டர் பக்கமும் துளை, இந்தப் பக்கமும் துளை. ஆன்டெனாவுக்கு வேண்டிய 5 வோல்ட் இதே கேபிள்லதான் மேலே போகுது. கரண்ட் இழுக்கலைன்னா ரௌட்டர் 'ஓபன்'னு சொல்லிடும்.

மீட்டர் வெச்சுப் பாருங்க. ஆன்டெனாவைக் கழட்டிட்டு, மேல்முனையில் நடு ஊசிக்கும் ஷீல்டுக்கும் (வெளிக் கம்பிவலை) நடுவுல 5 வோல்ட் வரணும். போர்ட்ல 5 வோல்ட் இருந்தும் மேலே வரலைன்னா பிக்டெயிலை மாத்துங்க. கேபிள் மாட்டினதும் போர்ட்லயே வோல்ட் விழுந்தா எங்கேயோ ஷீல்டு இழை ஒண்ணு ஊசியைத் தொடுது.

மத்த மூணு போர்ட்டையும் காலியா விடுங்க. வெளியே தனி ஜிபிஎஸ் கிளாக் இருந்தாத்தான் அந்த இன்புட் வேணும்: 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு, 1 பிபிஎஸ் நொடி தொடங்கும் இடத்துக்கு, டிஓடி தேதி நேரத்துக்கு. டிஓடி பார்க்க லேன் போர்ட் மாதிரியே இருக்கும், ஆனா அது சீரியல். சுவிட்ச்ல சொருகாதீங்க.

மலைமின்னல்:
அரெஸ்டர் கட்டாயம். சித்திரை, வைகாசி இடியும் ஐப்பசி மழையும் அங்கே சும்மா விடாது. கேஸ் டியூப் வகையா, டிசியை (அந்த 5 வோல்ட்டை) கடத்துறதா பார்த்து வாங்குங்க. டிசியைத் தடுக்கிற வகை போட்டா இதே 'ஓபன்' அலாரம் திரும்ப வரும். ரௌட்டர் பக்கத்துல வேண்டாம், கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துல வெச்சு, குட்டையான நேர்க் கம்பியில் கட்டடத்தின் எர்த் பாருக்கே இழுங்க. தனிக் குழி எர்த் மட்டும் கொடுத்தா இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தம் ரௌட்டர் வழியாத்தான் பாயும்.

கேபிள்ல சிக்னல் இழப்பு உங்களுக்குப் பிரச்சினை இல்லை: 40 மீட்டருக்குச் சுமார் 7 டெசிபல், கனெக்டர், அரெஸ்டருக்கு இன்னும் 1. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் என்றால் இழப்பு மும்மடங்குக்குக் குறையாது.

சிக்னல் கேபிள் வழியா வர ஆகிற தாமதத்தை மறக்காதீங்க. மீட்டருக்கு 3.9 நானோநொடி, பிக்டெயிலோட சேர்த்து ஏறக்குறைய 160. 5ஜி டிடிடிக்கு (ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பி வாங்கும் முறை) மொத்த நேரப் பிழை வரம்பு 1.5 மைக்ரோநொடி, இந்த 160 சின்னதா தெரியும், ஆனா மூலக் கடிகாரத்துக்கு ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) கொடுத்திருப்பதே 100 நானோநொடிதான். கேபிள் டிலே அமைப்பில் 160 போட்டுடுங்க. கூட்டலா கழித்தலா என்பது ரௌட்டருக்கு ரௌட்டர் மாறும், மேனுவலைப் பார்த்தே போடுங்க.

சில்வர் ஓக் நிழல்ல ஆன்டெனா நின்னா, இலை நனைஞ்சதும் சிக்னல் இறங்கும். ஆன்டெனா பக்கத்து 'என்' (N) வகை கனெக்டர்ல தன்னொட்டு ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலே சுத்தி, மேலே பிவிசி டேப். கேபிளைக் குரங்கு கடிக்கும், ஜிஐ பைப்புக்குள் விடுங்க.

சேர்வராயன்_லிங்க்:
மேல்முனையில் 0 வோல்ட்தான். சரியான பிக்டெயில் மாட்டினதும் அலாரம் போயிருச்சு. ஆனா யுடிசி (உலகப் பொது நேரம்) இன்னும் வரல.

அஸ்தம்பட்டி_கோஆக்ஸ்:
ஜிபிஎஸ்ஸுக்கும் யுடிசிக்கும் உள்ள 18 நொடி வித்தியாசத்தைச் சாட்டிலைட் 12.5 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அனுப்பும். கால் மணி நேரம் தொடாம விடுங்க.