கடற்கரைத் தெரு குழு: 182 கோடி ஃபார்வர்ட்

காலை 6:48
சேசு மாமா: (ரெட்டை அம்பு, பலமுறை ஃபார்வர்ட் ஆனது) "நம்ம தேர்தல்ல ஆட்சியை மாத்த அமெரிக்கா 182 கோடி இறக்கியிருக்கு!! வெளிநாட்டுப் பத்திரிகையே ஒத்துக்கிருச்சு!! பத்துப் பேருக்கு அனுப்பவும்!!"

6:49
சேசு மாமா: வக்கீலு, இது நெசமா? படகுக்காரங்க குரூப்புல ரெண்டு நாளா இதே பேச்சுதான்.

6:57
வக்கீல் தம்பி: பழைய செய்தி மாமா. 2025 பிப்ரவரியில கிளம்புனது. ஈலான் மஸ்க் கவனிச்சுக்கிட்டிருந்த அமெரிக்க அரசோட செலவுக் குறைப்புத் துறை, நிறுத்துன உதவிகளைப் பட்டியல் போட்டுச்சு. அதுல "இந்தியாவில் வாக்குப்பதிவுக்கு 2.1 கோடி டாலர்"ண்டு ஒத்த வரி. அன்னைய மதிப்புல அதுதான் 182 கோடி. யார் கைக்குப் போச்சு, எந்த வருஷம், ஒரு விவரமும் கிடையாது.

7:01
வக்கீல் தம்பி: டிரம்ப்பும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாரு. இங்க ஒரு கட்சி மேல இன்னொரு கட்சி பழி போட்டுச்சு. அந்த வாரமே இந்தியன் எக்ஸ்பிரஸ் பதிவேடுகளைத் தேடி, அந்தத் தொகை 2022ல வங்கதேசத்துக்கு ஒதுக்குனதுண்டு எழுதிருச்சு. நம்ம நிதித்துறையோட 2023-24 அறிக்கையில யுஎஸ்எய்டுங்கிற அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்பு கூடச் செஞ்ச 7 திட்டம் இருக்கு, எல்லாம் சேர்த்து சுமார் 75 கோடி டாலர். வேளாண்மை, குடிநீர், புதுப்பிக்கத்தக்க மின்சாரம், சுகாதாரம் இப்படி. வாக்குப்பதிவுங்கிற பேரே அதுல இல்ல. அப்புறம் ஆகஸ்ட்ல மாநிலங்களவையிலயும் பதில் வந்துச்சு: 2014ல இருந்து 2024 வரைக்கும் அப்படி ஒரு பணம் வாங்கவுமில்ல, கொடுக்கவுமில்லண்டு அமெரிக்கத் தூதரகம் சொல்லியிருக்கு.

7:04
சேசு மாமா: அப்ப நம்ம கட்சிகளுக்கு வெளிநாட்டுக் காசே வரலைங்கிறியா?

7:12
வக்கீல் தம்பி: இல்ல மாமா, அது வேற கதை. அதைத்தான் எல்லாரும் விட்டுட்டாங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29பி, வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் 3ஆவது பிரிவு, ரெண்டும் கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாதுண்டு சொல்லுது. 2014 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றம், காங்கிரஸும் பாஜகவும் லண்டன் நிறுவனம் ஒண்ணோட கிளைக் கம்பெனிகள்கிட்ட வாங்குனது சட்ட மீறல்ண்டு தீர்ப்புச் சொல்லிருச்சு. என்ன ஆச்சு? 2016 நிதி மசோதாவுல "வெளிநாட்டு மூலம்"ங்கிற சொல்லோட அர்த்தத்தையே மாத்துனாங்க. அந்த மாத்தம் பழைய நன்கொடைக்கும் செல்லும்ண்டு முன்தேதி போட்டாங்க, முதல்ல 2010 வரைக்கும்தான் பின்னாடி போச்சு. 2018ல 1976 ஆகஸ்ட் 5 வரைக்கும் இழுத்துட்டாங்க. விவாதமே இல்லாம நிறைவேறுச்சு. ரெண்டு கட்சியும் தப்பிச்சது. 182 கோடிக்குக் கொதிக்கிறவங்க இதுக்குத்தான் கொதிச்சிருக்கணும்.

7:15
காதர் காக்கா: அதெல்லாம் சரி வாப்பா. ஆனா வெளிநாட்டு மீடியா நம்மளைக் கெட்டதாத்தான் காட்டுது. 2024 ஏப்ரல்ல ஜெய்சங்கரே சொன்னாரே, அவங்க நம்ம தேர்தல்ல தங்களையும் ஆட்டக்காரங்களா நினைக்கிறாங்கண்டு.

7:26
டீச்சர் அக்கா: காக்கா, சாய்வு இருக்கு, இல்லைங்கல. ஆனா அது எப்படி வருதுண்டு நம்ம கடல்லயே பாக்கலாம். ஒரு படகைப் புடிச்சா நம்ம பத்திரிகை "எல்லை தாண்டியதாகக் கூறி மீனவர்கள் கைது"ண்டு போடும். கொழும்புப் பத்திரிகை "சட்டவிரோத மீன்பிடியில் ஈடுபட்ட இந்தியர்கள்"ண்டு போடும். யாழ்ப்பாணத் தமிழ்ப் பத்திரிகையில அங்கத்த மீனவர் வலை அறுந்த நட்டம் முதல் வரியில இருக்கும். கடலடியை வாரி இழுக்குற இழுவைமடி வலைக்கு அங்க 2017லயே சட்டத் தடை. மூணுமே பொய் இல்ல. எந்த வரியை மேல வைக்கிறாங்க, "கூறி"ங்கிற சொல்லு இருக்கா இல்லையா, அங்கதான் சாய்வு உக்காந்திருக்கு.

7:29
டீச்சர் அக்கா: கச்சத்தீவும் அப்படித்தான். 2024 மார்ச் 31ல பிரதமர் அதை எடுத்தப்ப நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. இடையில 19 நாள்தான். இலங்கை வெளியுறவு அமைச்சர் அலி சப்ரி, 50 வருஷத்துக்கு முன்னாடியே தீர்ந்த விஷயம்ண்டு முடிச்சுட்டாரு. டெல்லியில இருந்து எழுதுற வெளிநாட்டு நிருபருக்கு இது ரெண்டு அரசாங்கத்துப் பேச்சு, அவ்வளவுதான். 1974 ஒப்பந்தத்துக்கு அப்புறம் 1976ல வந்த கடிதப் பரிமாற்றத்தாலதான் மீன்பிடி உரிமை போச்சுங்கிறது பாம்பன்ல எல்லாருக்கும் தெரியும், அந்தச் செய்திகள்ல அது வர்றதே அபூர்வம். அது சதி இல்ல காக்கா. இங்க வந்து பாக்காததால வர்ற குறை.

7:31
காதர் காக்கா: ம். ஆனா வெளிக் கையே இல்லண்டு ஆயிராது.

7:38
வக்கீல் தம்பி: இருக்கு காக்கா. 2024 மே மாசம் சாட்ஜிபிடி நடத்துற ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்க. ஸ்டோயிக்ண்டு ஒரு இஸ்ரேல் கம்பெனி செயற்கை நுண்ணறிவுல கமெண்ட் எழுத வச்சு, பாஜகவைத் திட்டியும் காங்கிரஸைப் புகழ்ந்தும் போட ஆரம்பிச்சுச்சு. 24 மணி நேரத்துக்குள்ள நிறுத்திட்டோம்ண்டு ஓபன்ஏஐ சொல்லுது. அதுக்குப் பெரிய வாசகர் கூட்டம் ஒண்ணும் சேரல. நம்ம பக்கமும் சுத்தமில்ல. 2020ல ஈயூ டிஸ்இன்ஃபோலேப்ங்கிற, பொய்ச் செய்தியைத் துப்பறியுற ஐரோப்பிய அமைப்பு கண்டுபிடிச்சது டெல்லியில இருந்து நடந்த வலை: 119 நாட்டுல 750க்கு மேல போலிச் செய்தித்தளம், 15 வருஷமா.

7:40
வக்கீல் தம்பி: பேரு போட்டு எழுதுன கட்டுரைன்னா பதில் எழுதலாம், மறுப்புக் கேக்கலாம். பேரே இல்லாம பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி பேசுறதுக்கு யாருகிட்ட போய்க் கேக்குறது? அதைத்தான் பயப்படணும்.

7:44
அருள்: மாமா, செக் பண்ற வழி சொல்றேன், போன்லயே முடியும்.
முதல்ல லிங்கோட வாலைப் பாருங்க. ஜெர்மனிப் பத்திரிகை ஷ்பீகல் பேர்ல ரஷ்யக் கூட்டம் போலித் தளம் போட்டப்ப எழுத்து, லோகோ எல்லாம் அச்சு அசல். கடைசியில மட்டும் "டாட் டீஇ"க்குப் (.de) பதிலா "டாட் எல்டிடி" (.ltd). லிங்கே இல்லாம வெறும் ஸ்கிரீன்ஷாட்னா, தலைப்பை அந்தப் பத்திரிகையோட தளத்துலயே போய்த் தேடுங்க. அங்க இல்லேன்னா அதைத் தள்ளிருங்க.

7:47
அருள்: ஃபேஸ்புக் பக்கம்னா "பற்றி"க்குள்ள பக்க வெளிப்படைத்தன்மைண்டு இருக்கும். எப்ப ஆரம்பிச்சது, எத்தனை தடவை பேரு மாத்துனது, நடத்துறவங்க எந்த நாட்டுலண்டு காட்டும். சமையல் பக்கமா இருந்து தேர்தலுக்கு முந்தின மாசம் "தமிழன் குரல்" ஆகியிருந்தா சந்தேகப்படலாம். ஆனா அமீரகம்ண்டு காட்டுனவுடனே சதிண்டு முடிவு கட்டாதீங்க. கீழக்கரைக்காரங்க துபாய்ல இருந்து நடத்துற ஊர்ப் பக்கமும் அப்படித்தான் காட்டும். வெளிநாட்டான் இங்க ஆள் புடிச்சு நடத்துனா இந்தியாண்டே காட்டும்.

7:49
காதர் காக்கா: எங்க ஊர்ப் பக்கமே அப்படித்தான், உண்மை.

7:52
அருள்: விளம்பரம்னா மெட்டா விளம்பர நூலகம். நாடு இந்தியா, வகை தேர்தல்-அரசியல்ண்டு போட்டுப் பக்கத்துப் பேரைத் தேடுங்க. யாரு காசு, எவ்வளவுக்குள்ள, எந்த மாநிலத்துல ஓடுச்சுண்டு வரும். அரசியல்ண்டு பதிஞ்ச விளம்பரம் 7 வருஷம் அங்க இருக்கும். பதியாம ஓட்டுனது, நிறுத்துன உடனே மறைஞ்சிரும். அதனால கண்ணுல பட்டவுடனே தேதியோட ஸ்கிரீன்ஷாட்.

7:55
டீச்சர் அக்கா: குரல் பதிவையும் சேர்த்துச் சொல்லு அருள். ஸ்லோவாக்கியாவுல 2023 செப்டம்பர் 30 தேர்தல். ரெண்டு நாளைக்கு முந்தி, பிரசாரம் ஓய்ஞ்ச நேரத்துல, ஒரு தலைவர் ஓட்டை வாங்கப் பேசுற மாதிரி போலி ஆடியோ விட்டாங்க. மறுப்பு எல்லாருக்கும் போய்ச் சேர நேரமே இல்ல. நமக்கும் கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கிடையாது. அந்த ரெண்டு நாள் வர்ற ஆடியோவை யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, தேர்தல் ஆணையத்தோட உதவி எண் 1950க்குப் போன் போட்டுச் சொல்லுங்க.

7:58
சேசு மாமா: தேர்தல் ஆணையத்தோட புகார் ஆப் சிவிஜில்ல போடலாம்ல?

7:59
வக்கீல் தம்பி: அதுல நீங்க அந்த இடத்துலயே எடுக்குற படம், வீடியோதான் போகும் மாமா. வந்த ஃபார்வர்டை கேலரியில இருந்து ஏத்த முடியாது. காசு கொடுக்குறது, பேனர் கட்டுறது இதுக்குத்தான் அது. 100 நிமிஷத்துல ஆள் வருவாங்க.

8:03
சேசு மாமா: சரி. இங்க போட்டதை அழிச்சுட்டேன். படகுக்காரங்க குரூப்புக்கு என்ன எழுத?

8:05
வக்கீல் தம்பி: "182 கோடி இந்தியாவுக்கு இல்ல, 2022ல வங்கதேசத்துக்கு ஒதுக்குனது. இந்தியாவுக்கு அப்படிப் பணம் வரலைண்டு மாநிலங்களவையில பதில் இருக்கு." அவ்வளவு போதும். ஃபார்வர்ட் பண்ணாம உங்க கையால அடிச்சுப் போடுங்க மாமா, உங்க பேர்ல வந்தாத்தான் படிப்பாங்க.

8:06
சேசு மாமா: அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தா டீச்சர் பாத்துச் சொல்லும்மா.