மறு: தாய் சி கலைச்சொற்கள்: 'சோங்' = இளக்கம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> 'சோங்' என்றால் ரிலாக்ஸ் ஆவதுதானே? 'தளர்வு' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். சீனத் தற்காப்புக் கலையான தாய் சியின் ஆசிரியர்கள் ஓயாமல் சொல்லும் சீனச் சொல் இது.

தாய் சி ஆசான் யாங் செங்ஃபூ சொல்ல, மாணவர் சென் வெய்மிங் எழுதிவைத்த பத்து விதிகளில் மூன்றாவது இடுப்பைப் பற்றியது. இடுப்பு 'சோங்' ஆனால்தான் கால்களுக்கு வலு வரும் என்கிறது அது. இதை 'இடுப்பு தளர்ந்தால் கால் வலுக்கும்' என்று எழுதினால் வாசகர் குழம்புவார். தமிழில் இடுப்பு தளர்வது முதுமையில்.

தள்ளுகைப் பயிற்சியில் இது கண்கூடு. இருவர் எதிரெதிரே நின்று, முன்கையோடு முன்கை ஒட்டியபடி வட்டம் சுற்றுவார்கள். ஒருவர் தோளை இறுக்கினால் போதும். எதிராளி கையில் கொடுக்கும் அழுத்தம் அந்தத் தோள் வழியே இறங்கிக் குதிகாலையே கிளப்பிவிடும். இறுக்காதவரிடம் அதே அழுத்தம் இடுப்பு திரும்பும்போது பக்கவாட்டில் ஓடிவிடும். அதற்காகக் கையைத் தொங்கப்போட்டாலும் ஆகாது, கை நெஞ்சோடு நசுங்கிவிடும். ஆக விறைப்பும் கூடாது, துவளவும் கூடாது.

மெதுவாக ஆடுவதால்தான் 'தளர்வு' தோன்றுகிறது போல. ஆனால் இந்தக் கலை வளர்ந்த ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தின் பழைய ஆட்டத்தில் ஓங்கி மிதிப்பதும் உண்டு, திடீரென்று கைமுட்டி வீசுவதும் உண்டு. அவையும் 'சோங்'கிலிருந்தே பிறக்க வேண்டும் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கற்றுப் பெய்ஜிங்கில் பரப்பியவர் யாங் லூசான், செங்ஃபூவின் தாத்தா.

'நெகிழ்வு' சரிவராது. காலைத் தலைக்கு மேல் தூக்குபவருக்கும் உடல் நெகிழ்வு உண்டு, 'சோங்' இருக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை 'இளக்கம்'. பிடியை இளக்கினால் பிடி போய்விடுவதில்லை. 'இறுக்க'த்துக்கு நேர் எதிர்ச்சொல்லாகவும் அமைகிறது. 'தோளை இளக்கு', 'இடுப்பை இளக்கு' என்று வகுப்பில் உரக்கச் சொல்லவும் முடியும். 'மனம் இளகியது' என்பதோடு குழம்பாது, உறுப்பின் பெயர் கூடவே வரும்.

அப்புறம், 'ஜின்' பாக்கி இருக்கிறது, அதாவது பயிற்சியால் உடலில் வரும் ஆற்றல். 'வலு' என்றால் வெறும் தசைப் பலமான 'லி'யோடு கலந்துவிடும். 'விசை'யை இயற்பியல் எடுத்துக்கொண்டது. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?

அன்புடன்.